குளிர்காலத்தில் ‘அங்கே’ அரிப்பும் எரிச்சலும்: மூன்று வாரமாகத் தீரவில்லை

பனிப்பூ (ஊட்டி, லவ்டேல் பக்கம்) · ஜனவரி 8, இரவு 10.15

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். வயது 31, ஒன்றரை வயதில் ஒரு குழந்தை. மூன்று வாரமாகப் பிறப்புறுப்பின் வெளிப்பக்கத்தில் அரிப்பு. முதலில் ஓரங்களில் மட்டும் இருந்தது, இப்போது ஆசனவாய் வரைக்கும் போய்விட்டது. பகலில் வேலையில் மறந்துவிடுகிறேன். ராத்திரி கம்பளிக்குள் நுழைந்து உடம்பு சூடானதும் ஆரம்பித்துவிடும். சிறுநீர் பட்டால் காந்துகிறது. வெள்ளைப்படுதல் எப்போதும் போலத்தான், வாடை எதுவும் இல்லை. காய்ச்சலும் இல்லை.

செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வெந்நீரில் கிருமிநாசினி கலந்து கழுவினேன். கொஞ்சம் அதிகமானதுதான் மிச்சம். அப்புறம் மாமியார் சொன்னார் என்று அதே வெந்நீரில் யூகலிப்டஸ் தைலம் இரண்டு மூடி ஊற்றினேன். எங்கள் வீட்டில் சளி, தலைவலி, மூட்டுவலி, எறும்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டில்தான். அன்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். கடைசியாக மருந்துக்கடையில் ‘படைக்குப் போடும் கிரீம்’ என்று கேட்டு வாங்கினேன். நாலு நாள் சொர்க்கம். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்துவிட்டது.

டாக்டரிடம் போக வெட்கம் ஒரு பக்கம். எதற்குப் போகிறாய் என்று வீட்டில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியது இன்னொரு பக்கம். யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

கைமருந்து · ஜனவரி 8, இரவு 10.40

தோழி, இது உடம்புச் சூடு. குளிருக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை, வேளைக்கு இரண்டு டீ என்று ஓட்டுகிறோம். சூடு எங்கே போகும்? வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஒரு துண்டு படிகாரம் கரைத்துக் கழுவுங்கள். காலையில் ஊறவைத்த வெந்தயம் ஒரு கரண்டி. மூன்றே நாள்.

குன்னூர் சிஸ்டர் · ஜனவரி 9, காலை 6.20

படிகாரம் வேண்டாம். கைமருந்து கோபித்துக்கொள்ளக் கூடாது, காரணத்தைச் சொல்கிறேன். படிகாரம் தோலைச் சுருங்கவைக்கும். சவரம் செய்த கன்னத்தில் தேய்ப்பதே அதற்குத்தான். இந்தத் தங்கச்சிக்கு அந்த இடம் ஏற்கெனவே புண்பட்டுக் கிடக்கிறது. வெந்தயம் சாப்பிடட்டும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நான் அரசு மருத்துவமனையில் முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். இப்போது ஓய்வு. ‘கீழே அரிப்பு’ என்று வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். அதில் மூன்று டியூப், ஒரு வாசனை வாஷ், ஒரு பவுடர் டப்பா, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த எண்ணெய். முதலில் வந்த தொந்தரவு என்ன என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மேலே மேலே பூசியதுதான் நோயாக நிற்கும்.

பலருக்கு உள்ளே எது, வெளியே எது என்பதிலேயே குழப்பம். உள்ளே போகும் பாதைதான் யோனி. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியா லேசான அமிலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். பிஎச் என்ற அமில-கார அளவில் 3.8 முதல் 4.5 வரை. தினமும் கொஞ்சம் வெள்ளைப்படுவது அந்தச் சுத்தத்தின் பகுதி. சத்து போகிறது என்று பயப்படத் தேவையில்லை. வெளியே தெரியும் பெரிய உதடு, சின்ன உதடு, இவையெல்லாம் தோல். வெளியோரத்தில் முடி முளைக்கும் சாதாரணத் தோலாக இருப்பது உள்ளே போகப் போக வாயின் உட்புறம் மாதிரி மெல்லியதாகிவிடும். குளிக்கிற சோப்பின் பிஎச் 9, 10 என்று காரத்தில் இருக்கும். ஊட்டிக் குளிரில் வாயோரம் வெடித்தால் சோப்புப் போட்டுத் தேய்ப்போமா? வெண்ணெய் தடவிவிட்டுச் சும்மா இருப்போம். கீழே இருப்பதும் உதடுதான் அம்மா.

பனிப்பூ, சில கேள்விகள். தயிர்க்கட்டி போல வெள்ளைப்படுகிறதா? மீன் வாடை? பச்சை மஞ்சளாக நுரைத்து வருகிறதா? கொப்புளம், புண் ஏதாவது? வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரி அரிப்பு? சர்க்கரை பார்த்தீர்களா? குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கிறீர்களா? கடைசியாக, அந்தக் கிரீம் டியூபில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது?

பனிப்பூ · ஜனவரி 9, மதியம் 1.05

நன்றி சிஸ்டர். நீங்கள் கேட்ட முதல் ஐந்துக்கும் இல்லை. சர்க்கரை பிரசவத்தின்போது பார்த்தது, சரியாக இருந்தது. பால் ராத்திரி மட்டும் கொடுக்கிறேன். டியூபில் மூன்று மருந்துப் பெயர்கள். ஒன்று குளோபெட்டசால்.

குன்னூர் சிஸ்டர் · ஜனவரி 9, மதியம் 1.30

நினைத்தேன்.

குளோபெட்டசால் என்பது ஸ்டீராய்டு. அதிலும் மேலே பூசுகிறவற்றிலேயே மிக வீரியமான வகை. போட்டால் சிவப்பும் அரிப்பும் அடங்கும், அதுதான் உங்கள் நாலு நாள் சொர்க்கம். ஆனால் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும். நிஜமாகவே படர்தாமரையாக இருந்தால் அது மேலே அடங்கி அடியில் பரவும். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத மருந்து இது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை 2018-லேயே அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் கடையில் ‘படை’ என்றாலே கை அந்த டியூபுக்குத்தான் போகிறது.

பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருக்கும், அங்கே வறட்சி இருக்கும். அதுவும் ஒரு காரணமாகலாம், ஆனால் அது மட்டும் இப்படிப் படுத்தாது. டிசம்பர் நடுவில் வீட்டில் எது மாறியது என்று யோசியுங்கள்.

தோல் பிரிவு மாணவி (சொந்த ஊர் கோத்தகிரி) · ஜனவரி 9, இரவு 8.50

சிஸ்டர் கேட்டதையே நானும் கேட்கிறேன் அக்கா. புது தெர்மல் பேன்ட், புது சோப்புத்தூள், துணிக்கு வாசனை ஏற்றும் திரவம், பேட் கம்பெனி, முடி நீக்கும் கிரீம், ரேசர். இவற்றில் ஏதாவது? இன்னொன்று. போன வாரம் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடந்ததாக அம்மா போனில் சொன்னார். இந்தக் குளிரில் பாத்ரூம் போய்விட்டு எப்படிக் கழுவிக்கொள்கிறீர்கள்?

பனிப்பூ · ஜனவரி 9, இரவு 9.35

கழுவுவதில்லை.

சிரிக்காதீர்கள். குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் கீசர் போட்டால் கரண்ட் பில்லை யார் கட்டுவது? அதனால் குழந்தைக்கு வாங்கி வைத்திருக்கும் வெட் வைப்ஸ்தான், ஒரு நாளைக்கு ஏழெட்டு. டிசம்பர் 15 வாக்கில் ஆரம்பித்திருப்பேன். ஐயோ, தேதியை எழுதும்போதுதான் பொறி தட்டுகிறது. குழந்தைக்கே போடுவதுதானே என்று சந்தேகமே வரவில்லை.

தோல் பிரிவு மாணவி · ஜனவரி 9, இரவு 10.20

குழந்தைக்கான பொருள் என்றால் தோலுக்கு ஆகாதது எதுவும் இருக்காது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஈரமாக ஒரு பொருளைப் பொட்டலத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் பூசணம் பிடிக்க வேண்டுமே, ஏன் பிடிப்பதில்லை? அதற்கென்று பதப்படுத்தும் ரசாயனம் சேர்ப்பார்கள். அவற்றில் மெத்தில்ஐசோதயாசோலினோன் என்று ஒன்று. 2013-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிக் கழகம் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலில் விட்டுவிடும் அழகுப் பொருட்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை போட்டது. உங்கள் பொட்டலத்தில் இது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றாலும் வாசனைப் பொருளே போதும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உறுத்தல். சோப்பு, வெந்நீர், தைலம், கிருமிநாசினி எல்லாம் இந்த வகை. யார் தோலில் போட்டாலும், அளவு கூடினால் எரியும். வீரியமானது உடனே எரியும், சோப்பு போன்றது போடப் போடச் சில நாளில். இன்னொன்று ஒவ்வாமை. சிலருக்குத்தான் வரும். பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும், அதனால் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஐந்து வருஷம் ஒன்றும் செய்யாத பொருள் ஆறாவது வருஷம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ‘இதை நான் ரொம்ப நாளாகப் போடுகிறேனே’ என்பது சாட்சியாகாது. தோல் மருத்துவர்கள் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள், அதுதான் பேட்ச் டெஸ்ட். உங்களுக்கு அது தேவைப்படாமலும் போகலாம்.

இப்போதைக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வைப்ஸ், சோப்பு, கிருமிநாசினி, தைலம், அந்த டியூப், எல்லாம். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீரோடு கலந்து கை பொறுக்கும் இளஞ்சூட்டில் கழுவுங்கள். கையால்தான், துணி போட்டுத் தேய்க்க வேண்டாம். மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வாசனையில்லாத வாஸ்லைன் மெல்லிசாக. ராத்திரி உள்ளாடை இல்லாமல் பாவாடையோ நைட்டியோ போதும். நகத்தை வெட்டிவிடுங்கள், தூக்கத்தில் சொறிவது நமக்கே தெரியாது. ஒரு வாரத்தில் குறையத் தொடங்க வேண்டும், முழுதாக ஆறச் சில வாரம் பிடிக்கும்.

ஆனால் டியூப் போட்டிருப்பதால் ஒருமுறை நேரில் காட்டிவிடுவது நல்லது. ஸ்டீராய்டு பட்ட இடத்தைப் போனில் பார்த்துச் சொல்ல முடியாது. தயவுசெய்து படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.

மட்டுறுத்துநர் · ஜனவரி 9, இரவு 11.00

கடைசி வரியை வழிமொழிகிறேன். இந்த இழையில் படங்கள் நீக்கப்படும். தனிமடலில் வைத்தியம் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் எங்களுக்குத் தெரிவிக்கவும்.

கைமருந்து · ஜனவரி 10, காலை 7.10

சரி, படிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தேங்காய் எண்ணெய்க்காவது இடம் உண்டா?

குன்னூர் சிஸ்டர் · ஜனவரி 10, காலை 7.30

உண்டு, உண்டு. வாசனை கலக்காத செக்கு எண்ணெய், மெல்லிசாக, வெளியே மட்டும். சிறுநீர் நேரடியாகத் தோலில் படாமல் அது தடுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணெயும் வாஸ்லைனும் ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும். ‘சிஸ்டர், நீங்கள் சொன்ன எண்ணெயால் இரண்டாவது’ என்று ஒரு பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். அதிலிருந்து இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

தேயிலைக் கொழுந்து (பந்தலூர்) · ஜனவரி 10, இரவு 9.00

என் அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 47, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். மழைக்காலம் வந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தொடை இடுக்கிலும் வெளி உதட்டிலும் சிவந்து தோல் உரிந்துவிடும். நடக்கும்போது கால்களை அகட்டித்தான் நடப்பார். பனிக்காலத்தில் தானாகவே சரியாகும். அதனால் வருஷாவருஷம் வரும் விருந்தாளி என்று விட்டுவிட்டோம்.

எங்கள் பக்க மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், தேவாலாவில் பெய்ய ஆரம்பித்தால் நாள்கணக்கில் நிற்காது. காட்டுக்கு (தேயிலைத் தோட்டத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) போகும்போது இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் சீட்டு கட்டிக்கொள்வார்கள், தேயிலைச் செடியின் ஈரமும் கிளைக் கீறலும் படாமல் இருக்க. வெளி ஈரம் உள்ளே வராது, உள்ளே வேர்த்தது வெளியே போகாது. எட்டு மணி நேரம் அப்படியே. சாயந்தரம் அம்மா அதை அவிழ்க்கும்போது பாவாடையைப் பிழியலாம். அடுத்த நாளைக்கு மாற்றுத் துணி காய்ந்திருக்காது. லைன் வீட்டில் (எஸ்டேட்டின் வரிசை வீடு) அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவோம். புகை வாசம் வரும், ஈரம் போகாது. அதையே போட்டுக்கொண்டு போவார்.

காட்டில் கழிப்பறை கிடையாது. தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951-ல், அதிலேயே கழிப்பறை வைக்க வேண்டும் என்று இருந்ததாம். எங்கள் அம்மா பார்த்ததில்லை. செடி மறைவில்தான் போக வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார். ஒருமுறை அவசரத்தில், பட்டாலே அரிக்கும் செந்தட்டிப் புதரில் உட்கார்ந்துவிட்டார். ஊரே சிரித்தது, அவருக்கு மட்டும் இரண்டு நாள் சிரிப்பு வரவில்லை.

குன்னூர் சிஸ்டர் · ஜனவரி 11, காலை 6.45

இதைப் படித்துவிட்டு டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு இருப்பது உராய்வும் ஈரமும் சேர்ந்து வருவது என்று நினைக்கிறேன். தோல் மடிப்பில் ஈரம் நின்றால் ஊறிப்போகும். ஊறிய தோல் உரசினால் உரியும். உரிந்த இடத்தில் பூஞ்சை குடியேறும். சிவப்பின் ஓரம் வளையமாக, செதிலாகப் பரவினால் படர்தாமரை. நடுவில் பளபளவென்று சிவந்து சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் கேண்டிடா என்ற இன்னொரு பூஞ்சை. இரண்டுக்கும் டாக்டர் பூஞ்சை மருந்து கொடுப்பார், ஆனால் ஈரத்தை விட்டுவிட்டு மருந்து மட்டும் போட்டால் அடுத்த ஜூனில் மறுபடி வரும்.

நான் வேலை பார்த்த காலத்தில் எஸ்டேட் பெண்களிடமிருந்தே கற்றுக்கொண்டது ஒன்று. பிளாஸ்டிக்குக்கும் பாவாடைக்கும் நடுவில் பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டிக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை மாற்றுவார்கள். காலையில் போகும்முன் தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய், சாயந்தரம் வந்ததும் முதல் வேலை ஈரத்தைக் கழற்றிவிட்டு நன்றாகத் துடைத்து, காய்ந்த பாவாடை. டீ அதற்கப்புறம்தான். உள்ளாடை காயவில்லை என்றால் ஈரத்தைப் போடுவதைவிடப் போடாமல் போவதே மேல்.

பூச்சிமருந்து அடித்த காட்டில் பறிக்கிறார் என்றால் மறைவுக்குப் போவதற்கு முன்னாலேயே கை கழுவ வேண்டும். போய் வந்த பிறகுதான் கழுவுவது என்று எல்லோரும் பழகிவிட்டோம். மிளகாய் நறுக்கிய கைக்கும் இதே கதை.

47 வயது என்கிறீர்கள், சர்க்கரை பார்த்தாகிவிட்டதா? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறார்களே, அவர்களிடமே பார்க்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் பூஞ்சை வந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

கணவர் ஒருவர் · ஜனவரி 11, இரவு 8.15

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்தில் மூன்றாவது முறையாகத் தயிர் மாதிரி வெள்ளைப்படுதலும் அரிப்பும். ஒவ்வொரு முறையும் கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். குறைகிறது, திரும்ப வருகிறது.

குன்னூர் சிஸ்டர் · ஜனவரி 11, இரவு 8.40

தாராளமாக எழுதுங்கள் தம்பி. சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை அந்த மாத்திரை வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிட்டு அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் அந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. சில நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், அவற்றாலும் இது வரலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சீட்டையும் கொண்டுபோங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

இரு மகள்களின் அம்மா (கோத்தகிரி) · ஜனவரி 12, மதியம் 2.20

என் சின்னவள், ஆறு வயது, ராத்திரி அங்கே சொறிந்துகொண்டு அழுகிறாள். பகலில் விளையாடுகிறாள். லேசாகச் சிவந்திருக்கிறது. எனக்கு மனதில் என்னென்னவோ பயம்.

தோல் பிரிவு மாணவி · ஜனவரி 12, மாலை 6.30

ராத்திரி மட்டும் என்றால் முதலில் கீரிப்பூச்சியைத் தேடுங்கள் அக்கா. பெண் புழு ராத்திரியில்தான் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். பெண் குழந்தைகளுக்கு அங்கிருந்து முன்பக்கமும் வந்துவிடும். தூங்கி ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளை நூல்துண்டு மாதிரி நெளியும். பள்ளியில் பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் கொடுப்பார்கள், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருவார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றும்.

புழு இல்லையென்றாலும் இந்த வயதில் லேசான சிவப்பு சகஜம். பருவம் வரும்வரை அந்தத் தோலுக்கு ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பு இல்லை, மெல்லியதாக இருக்கும். முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்லிக் கொடுங்கள், குளிக்கிற நுரைத் தண்ணீரிலேயே உட்கார்ந்து விளையாட விடாதீர்கள். ரத்தம், கெட்ட வாடையோடு நீர், வெள்ளைத் திட்டு, காயம், அல்லது குழந்தை யாரையாவது கண்டு பயப்படுவது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். பயத்தை மனதில் வைத்துக்கொண்டு மறுகாமல் குழந்தையிடம் நிதானமாகப் பேசியும் பாருங்கள்.

இரு மகள்களின் அம்மா · ஜனவரி 13, காலை 5.50

டார்ச் அடித்தேன். நெளிந்தது. அருவருப்பு ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். இதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

மலைப்பூண்டு (பூம்பாறை, கொடைக்கானல்) · ஜனவரி 14, இரவு 7.30

நீலகிரிக்காரர்கள் நடுவில் பழனி மலைக்காரி ஒருத்தி. வயது 58, மாதவிடாய் நின்று எட்டு வருஷம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

இரண்டு வருஷம் அரிப்பு. முதலில் வறட்சி என்றார்கள், அப்புறம் பூஞ்சை என்றார்கள். ஆறேழு டியூப் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நான் வாயால் சொல்ல, அவர்கள் சீட்டில் எழுத, வாங்கி வருவேன். பார்க்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, பாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. போன தை மாதம் மகள் மதுரைக்கு அழைத்துப் போனாள். அந்த டாக்டரம்மா விளக்கைத் திருப்பி இரண்டு நிமிஷம் பார்த்தார். உங்கள் வீட்டில் கண்ணாடி இருக்கிறதா, நீங்களே பார்த்ததுண்டா என்று கேட்டார். அவர் கொடுத்த சின்னக் கண்ணாடியில்தான் 57 வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். தோல் வெள்ளை வெளேரென்று, கசக்கிய சிகரெட் தாள் மாதிரி. பூண்டுத் தொலியைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அப்படி. சின்ன உதடு இருந்த இடமே தெரியவில்லை, ஒட்டிப் போயிருந்தது.

லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர். தொற்றாது, புற்றும் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் சிறு அளவில் புற்றாக மாற வாய்ப்பு உண்டு, அதனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும் என்றார். மருந்து என்ன கொடுத்தார் தெரியுமா? பனிப்பூவைப் பாடாய்ப்படுத்திய அதே குளோபெட்டசால்! தனி மருந்தாக, வேறெதுவும் கலக்காத களிம்பு. முதல் மாதம் தினமும், அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு. விரல் நுனியில் எவ்வளவு எடுக்க வேண்டும், எங்கே தடவ வேண்டும் என்று படம் போட்டே காட்டினார். இரண்டு வருஷ அரிப்பு மூன்றாவது வாரத்தில் அடங்கியது.

தோல் பிரிவு மாணவி · ஜனவரி 14, இரவு 9.10

அம்மா, உங்கள் பதிவை என் வகுப்பில் வாசிக்கலாம் போலிருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு வெறும் வறட்சி என்றால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகக் கேட்கும், ஆனால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸுக்கு மருந்து ஆகாது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, ஆறாத புண், கட்டி, வெள்ளைத் திட்டு இருந்தாலோ டியூப் மாற்றிப் பார்ப்பது கூடாது. சில சமயம் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

பனிப்பூ · ஜனவரி 14, இரவு 10.30

மலைப்பூண்டு அம்மா, உங்கள் கண்ணாடியைப் படித்துவிட்டு நானும் எடுத்துப் பார்த்தேன். சிவப்பாக, வீங்கி, பளபளவென்று. வெள்ளை இல்லை. இந்த வாரம் டாக்டரிடம் போகிறேன். வீட்டில் ‘தோல் டாக்டர்’ என்று மட்டும் சொல்லப்போகிறேன். தோல்தானே, பொய் இல்லையே.

பனிப்பூ · ஜனவரி 21, இரவு 9.20

போய் வந்தேன். வைப்ஸ் நிறுத்திப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, அதற்குள்ளேயே பாதி குறைந்திருந்தது. டாக்டர் முதலில் தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார், ஸ்டீராய்டு போட்டதால் பூஞ்சை ஒளிந்திருக்கலாம் என்று. பூஞ்சை இல்லை. வைப்ஸ் ஆரம்பித்து வைத்ததை மற்றதெல்லாம் வளர்த்துவிட்டது என்றார். பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மாணவி சொன்ன அந்த நீளமான ரசாயனப் பெயர் அதில் இருந்தது.

லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, ராத்திரி மட்டும், ஏழு நாள். கிரீம் வேண்டாம், களிம்பாகவே வாங்கு, களிம்பில் பதப்படுத்தும் பொருள் குறைவு என்றார். பால் கொடுப்பதையும் கேட்டுக்கொண்டார். எவ்வளவு நேரம் வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு போனேன், மொத்தம் ஏழு நிமிஷம்தான். வெளியே வந்து வரிசையில் பார்த்தால் என் சின்ன மாமியார். அவரும் ‘தோல் டாக்டர்’ என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

குன்னூர் சிஸ்டர் · ஜனவரி 22, காலை 6.30

சின்ன மாமியாரையும் இங்கே சேர்த்துவிடுங்கள்.

கைமருந்து · ஜனவரி 22, காலை 8.00

மீதி வைப்ஸை என்ன செய்தீர்கள்?

பனிப்பூ · ஜனவரி 22, காலை 8.25

கணவரின் ஸ்கூட்டர் சீட்டில் தினமும் பனித்தண்ணீர் நிற்கிறது. துடைக்க நன்றாக இருக்கிறது. குழந்தைக்கும் இப்போது பிளாஸ்க் தண்ணீரும் பஞ்சும்தான். தைலப் பாட்டில் மட்டும் குளியலறையிலிருந்து ஹாலுக்கு இடம் மாறிவிட்டது, மாமியாருக்குக் காரணம் சொல்லவில்லை.

தேயிலைக் கொழுந்து · ஜூலை 3, இரவு 9.40

இழையைத் தூசி தட்டுகிறேன். எங்கள் பக்கம் மூன்று வாரமாக மழை. ஜனவரியிலேயே அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தோம், இல்லை. அப்பாவின் பழைய வேட்டிகள் நாலையும் கிழித்து எட்டாக்கினேன். பிளாஸ்டிக்குக்குள் ஒன்று, மதியம் மாற்ற ஒன்று, பையில் ஒன்று. சாயந்தரம் வந்ததும் டீ கேட்பதற்கு முன்னால் துணி மாற்றச் சொல்லிச் சண்டை போடுகிறேன். தொடை இடுக்கில் ஒரு இடத்தில் லேசாகச் சிவந்தது, நாலு நாளில் போய்விட்டது. இந்த வருஷம் கால் அகட்டி நடக்கவில்லை.

பக்கத்து லைனில் நாலு பேர் அதே மாதிரி வேட்டி கட்டிப் போகிறார்கள். தோட்டத்தில் வேலை வாங்கும் மேஸ்திரி என்னவென்று கேட்டிருக்கிறார். அம்மா சொன்ன பதில்: ‘கழிப்பறை கட்டுங்க, அப்புறம் சொல்றேன்.’